மூணாம் ஷிப்ட்

வெட்டுக்காரர் என்று யாராவது கூப்பிட்டால், எங்கள் வரிசை வீடுகளுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் கொஞ்சம் திடுக்கிடுவார்கள். ஆளைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். வாசலில் எறும்பு ஊர்ந்தால் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிற மனிதர். அவர் வெட்டுவது சோப்பை. தெருக்கோடியில் இருக்கிற சோப்புக் கம்பெனியில், நீளமாக வழிந்து வரும் பாளத்தைக் கம்பியால் அறுத்துக் கட்டிகளாக்கும் மெஷின் அவருடையது. அதுவும் மத்தியானச் சங்கு ஊதிய பிறகுதான். விடிந்ததிலிருந்து மத்தியானம் வரைக்கும் அதே மெஷின் அவர் மனைவியுடையது. அவளை வெட்டுக்காரி என்போம். இரண்டு பேரில் அவள் வெட்டுவதுதான் நேர் என்று என் அம்மா சொல்வாள். அம்மா அதே கூடத்தில், ஷிப்ட் கணக்கு இல்லாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உறை சுற்றுகிறவள். கட்டி கோணலாக வந்தால் உறையின் மடிப்பு விலகும். அதனால் மெஷினில் நிற்பது புருஷனா பெண்டாட்டியா என்று தலை நிமிராமலே அவளுக்குத் தெரியும்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. கம்பெனியில் இரண்டே ஷிப்ட். அதனால் குழந்தைக்கு மூணாம் ஷிப்ட் என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அதை ஊசி போடுகிற இடத்தில் மட்டும்தான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லாருக்கும் மனப்பாடம். பாளம் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பிடியில் கை வைத்த பிறகுதான் முந்தின ஆள் கையை எடுக்க வேண்டும். ஒரு நிமிஷம் மெஷின் கை இல்லாமல் கிடந்தால் போதும், பாளம் முட்டிக்கொண்டு மேலே ஏறி, மலை மாதிரி குவிந்துவிடும். அப்புறம் அரை நாள் சுரண்ட வேண்டியதுதான். எப்போதோ ஒருவர் தும்மலுக்குக் கையை எடுத்தாராம். அவருக்கு இன்றைக்கும் தும்மல் என்றுதான் பெயர்.

இந்தச் சட்டத்தால் வெட்டுக்காரர் குடும்பத்துக்கு ஒரு சிக்கல். அவர் உள்ளே போய் மெஷினில் கை வைத்தால்தான் அவள் வெளியே வர முடியும். அவள் வெளியே வந்து குழந்தையை வாங்கினால்தான் அவர் உள்ளே போக முடியும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஒரு ஜோடிக் கை குறையும். அந்தக் கையைக் கொடுத்தவர் வாட்ச்மேன். கேட்டைக் காக்கச் சொன்னால் குழந்தையைக் காக்கச் சொல்கிறார்கள், சம்பளம் மட்டும் ஒன்றுதான் என்று தினமும் முனகுவார். ஆனால் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். குழந்தை பிடித்து இழுக்கிறாள் என்று, பார்த்துப் பார்த்து வளர்த்த மீசையையே எடுத்துவிட்டார். அவர் பெண்டாட்டி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஆக, குழந்தை அப்பா கையிலிருந்து வாட்ச்மேன் கைக்குப் போகும், வாட்ச்மேன் கையிலிருந்து அம்மா கைக்குப் போகும். புருஷனும் பெண்டாட்டியும் சந்திப்பது மெஷின் பக்கத்தில். அந்த இரைச்சலில் அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்கு வந்து நடித்தே காட்டுவாள். அவர் காலை ஷிப்ட் குழந்தையை ஒப்படைப்பார், அவள் காலை ஷிப்ட் மெஷினை ஒப்படைப்பாள். இரண்டும் ஒரே மூச்சில் கலந்து வரும்.

"பால் பூரா குடிச்சிட்டா. முட்டையில மஞ்சளைத் துப்பிட்டா."

"இடது கம்பி தளருது, பாத்துக்கோங்க."

"மூக்கு ஒழுகுது."

"நேத்தே சொன்னேன். எண்ணெய் விட்டீங்களா?"

பின்னால் நின்ற சூப்பர்வைசர், எது ஒழுகுகிறது, எதற்கு எண்ணெய் என்று கேட்டாராம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு பதில் சொன்னார்களாம். அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டாராம்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டோடு இருக்கிற எனக்கு அந்தப் பலகைதான் ரேடியோ. காலையில் வெட்டுக்காரரின் நிகழ்ச்சி. குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் குழந்தையிடம் அனுமதி கேட்பார். ஊத்தட்டுமா, ஊத்தவா, ஊத்திடுவேன், ஊத்திட்டேன். நகம் வெட்ட மட்டும் அவருக்குப் பயம். நாளெல்லாம் கம்பியால் சோப்பை வெட்டுகிறவர், குழந்தையின் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்தால் வியர்த்துப்போவார். ஒரு நாளைக்கு ஒரு விரல்தான் என்று முறை வைத்திருந்தார். கடைசி விரலுக்கு வரும்போது முதல் விரல் மறுபடி வளர்ந்திருக்கும். சாயங்காலம் வெட்டுக்காரியின் நிகழ்ச்சி. காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று அவள் சொல்லிக்கொண்டே தேய்ப்பது கேட்கும். வாழைப்பழத்தை மசிப்பாள், ஒரு கையால் சமைப்பாள், ஒரு கையால் துணி அலசுவாள். ராத்திரி அவர் வரும்போது குழந்தை தூங்கியிருக்கும். விடியற்காலை அவள் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் கம்பெனி லீவு. அன்றைக்கு அவர் சுண்ணாம்பு அடிக்கப் போய்விடுவார். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்தாற்போல வீட்டில் இருந்ததே இல்லை.

அந்தக் குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. நடக்கவில்லை. நிற்கக்கூட இல்லை. அதே மாசத்தில் பிறந்த கோடிவீட்டுப் பையன் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். இவள் தோளில் உட்கார்ந்து ராணி மாதிரி பார்ப்பாள். வாய் மட்டும் நன்றாகப் பேசும். நீட்டுகிற விரலும் சும்மா இருக்காது. அங்கே போ, இங்கே போ என்று ஆட்களை ஓட்டும்.

ஊசி போடுகிற நர்ஸ் காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள், உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தாள். எதுவும் இருக்கிற மாதிரி தெரியவில்லை, ஆனாலும் அடுத்த ஊசிக்கு வரும்போது நிற்கவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அதற்குள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இடுப்பில் பலமில்லை என்றார் ஒருவர். வெட்டுக்காரரின் அண்ணி வந்தவள், எங்கள் பக்கத்தில் யாருக்கும் இப்படி இல்லை என்று சொல்லிவிட்டு, அது யார் பக்கம் என்பதை எல்லாரும் யோசிக்க விட்டுவிட்டுப் போனாள்.

வெட்டுக்காரி வெளியே அழவில்லை. மெஷினில் ஒரு வெட்டுக்கு ஒரு வேண்டுதல் வைத்தாள். உதடு அசைந்துகொண்டே இருக்கும் என்று அம்மா சொன்னாள். எந்தச் சாமி என்றெல்லாம் பார்க்கவில்லை. அந்த ஊரிலிருக்கிற எல்லாச் சாமிக்கும் அவளிடமிருந்து ஆளுக்குச் சில ஆயிரம் சோப்பாவது போயிருக்கும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் கம்பெனியின் பாய்லர் மூடி பிளந்துவிட்டது. காலைச் சங்கே ஊதவில்லை. கேட் வரைக்கும் போனவர்களை வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார். வெட்டுக்காரி நனைந்துகொண்டே வீடு திரும்பினாள். அந்த மழையில் எங்கேயும் சுண்ணாம்பு அடிக்க முடியாது. அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் பகல் வெளிச்சத்தில் ஒரே அறையில் இருந்தது அன்றைக்குத்தான்.

பலகைக்கு இந்தப் பக்கம் அம்மாவும் நானும் பயறு புடைத்துக்கொண்டிருந்தோம். முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. இப்படியா குளிப்பாட்டுவது என்று அவள் கேட்க, நீ வந்து பார், நான் ஊற்றுகிறேன் என்று அவர் பெருமை அடித்தார். முன்கையில் படுக்கவைத்தபடியே தலைக்கு ஊற்றி, அதே கையோடு நிமிர்த்தித் துவட்டுவாராம். அவள் துண்டோடு வாங்கிக்கொண்டாள். அவள் சமைக்கும்போது அவர் வாங்கினார். அவர் சாப்பிடும்போது அவள் வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு குறைந்தது. இரண்டு பேருக்கும் கை கடுத்திருக்க வேண்டும்.

"கொஞ்சம் கீழ விடுங்களேன். எவ்வளவு நேரம்தான் வச்சிருப்பீங்க."

"நீதான் இப்ப வாங்கப் போறியே."

"நான் துணியைப் பிழியணும். கீழ விடுங்க, விளையாடட்டும்."

"தரை ஈரமா இருக்கு."

"அப்ப போர்வையை விரிச்சு விடுங்க. தினம் எங்க விடுவீங்களோ அங்க விடுங்க."

  அம்மா முறத்தை மடியில் வைத்துவிட்டாள்.

"தினம்னா?" என்றார் அவர்.

"காலையில எங்க விடுவீங்க? அடுப்புப் பக்கமா, வாசப் பக்கமா?"

"நான் எங்க விட்டேன்? அரை நாள்தான் என்கிட்ட இருக்கா. அதுலயும் கீழ போடுறதா? தூக்கியே வச்சிருப்பேன். சாயங்காலம் நீ விடுவல்ல."

"நான் விடமாட்டேனே."

"என்னது?"

"நாள் பூரா அம்மா இல்லாம கிடந்த பிள்ளையை வந்ததும் கீழ விடுவாங்களா? நான் இடுப்புல வச்சிக்கிட்டேதான் எல்லாம் பண்ணுவேன். காலையில நீங்க ஆடவிட்டு ஓடவிட்டு இருப்பீங்கன்னு நெனச்சேன். ஆம்பளைங்க தூக்கிக்கிட்டே இருக்க மாட்டாங்கன்னு."

"நான் பொம்பளைங்களுக்குத் தெரியாததான்னு நெனச்சேன்."

"அப்ப கேட்டுல?"

"கேட்டுல வாட்ச்மேன் அண்ணன் தூக்கித்தான் வச்சிருப்பாரு."

"ராத்திரி?"

"ராத்திரி நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல. உன் கை ஒண்ணு, என் கை ஒண்ணு மேலதான் இருக்கும்."

பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தையின் கால் தரையில் படவே இல்லை. கையை எடுத்தால் கெட்டுப்போகும் என்ற பழக்கம் அவர்களுக்கு மெஷினிலிருந்து வந்தது. அதை வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். அடுத்த ஆள் கை வைக்காமல் விடுவதில்லை. இரண்டு பேரும் ஒரு தப்பும் இல்லாமல், ஒரு நாள்கூடத் தவறாமல் வேலை பார்த்திருக்கிறார்கள்.

பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. வெட்டுக்காரி அழுகிறாள் என்று நினைத்து அம்மா எழுந்தாள். அழுகை இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். குழந்தைக்கும் தொற்றிக்கொண்டது. சிரிப்பு அடங்கினதும் அவள் குரல் வேறு மாதிரி வந்தது. சாமி என்ன செய்யும், நாம்தான் இறக்கியே விடவில்லையே என்றாள். விரி போர்வையை என்றாள்.

இறக்கி விட்ட நிமிஷத்திலிருந்து எங்கள் வரிசைக்கே தூக்கம் போய்விட்டது.

குழந்தை அப்படிக் கத்தியதை நான் கேட்டதே இல்லை. தரை என்று ஒன்று இருப்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு, முகம் சிவந்து, தூக்கு தூக்கு என்று உத்தரவு போடுவாள். கதவு திறந்திருந்தால் போகிறவர்கள் வருகிறவர்களிடமும் நீட்டுவாள். முதல் நாள் கோடிவீட்டம்மா தூக்கிவிட்டாள். இரண்டாம் நாள் தண்ணி வண்டிக்காரர் தூக்கிவிட்டார். வெட்டுக்காரி வாசலில் நின்று வரிசை பூராவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். யாரும் அவளைத் தூக்கக் கூடாது, அழுதாலும் சரி, அழகாகச் சிரித்தாலும் சரி. சிரிப்புதான் ரொம்ப ஆபத்து என்றும் சொன்னாள்.

காலையில் வெட்டுக்காரர் படுகிற பாட்டைப் பலகை இடுக்கு வழியாகவே பார்க்கலாம். போர்வையில் அவளை உட்காரவைத்துவிட்டு எதிரே உட்கார்வார். தன் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். இல்லையென்றால் கை தானாகப் போய்விடுமாம். மெஷினில் இருக்கிற கம்பிக்குக்கூட இவ்வளவு பயப்பட்டதில்லை என்று வாட்ச்மேனிடம் சொன்னாராம். வாட்ச்மேன் பாடு அதைவிட மோசம். கேட்டுப் பக்கம் நிழலில் சாக்கு விரித்து அவளை விட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு பக்கம் திரும்பி நிற்பார். கொஞ்ச நாளைக்கு அப்புறம் பார்த்தால் சங்கு ஊதி வெளியே வருகிற அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். புதிதாக வந்த லாரி டிரைவர், உங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் முதுகுவலியா என்று கேட்டார்.

ஆனால் ஒன்று ஒன்றாக நடந்தது. குப்புற விழுந்தாள். அடுத்த வாரம் போர்வையைத் தாண்டித் தவழ்ந்தாள். அன்றைக்கு மெஷின் பக்கத்தில் அவர் சொன்ன சேதியில் முட்டைக் கணக்கும் மூக்குக் கணக்கும் இல்லை, தவழ்ந்தது மட்டும்தான். முட்டியில் தோல் உரிந்தது என்று கேட்டதும் வெட்டுக்காரிக்குக் கண் கலங்கியது. உடனே, நல்லது என்றாள். அப்புறம் குழந்தை பெட்டியைப் பிடித்து எழுந்தாள், தொப்பென்று உட்கார்ந்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். பலகைக்கு இந்தப் பக்கம் நான் ஒவ்வொரு தொப்புக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

ஊசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் வெட்டுக்காரி எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்தபடியே குழந்தையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் பேசினாள்.

"முன்னாடி ஒரு வெட்டுக்கு ஒரு வேண்டுதல் வச்சேன் அக்கா. இப்ப வாயில எதுவும் வரமாட்டேங்குது."

"பயமா இருக்கா?"

"பயம்தான். ஆனா வேற மாதிரி. அவளைக் கீழ விட்டுட்டு, அவ அழ அழ நான் பாத்திரம் தேய்க்கிறேன் பாருங்க, அதுவே கும்பிடுற மாதிரி இருக்கு. இந்தப் பிள்ளையைக் கையில வச்சிருந்தப்ப எனக்கு எந்தச் சாமி மேலயும் நம்பிக்கை இல்லை அக்கா, இப்பத்தான் தெரியுது. என் கை மேலதான் இருந்துச்சு."

 அதெல்லாம் சரிதான், ஆனால் நீ வெட்டுகிற கட்டி இப்போது கோணலாக வருகிறது, உன் வீட்டுக்காரர் வெட்டுவதே தேவலை என்றாள் அம்மா. வெட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காற்று பலமாக அடித்த ஒரு காலையில் பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போனது. துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து, பட்டென்று நின்றது. தொப் என்றும் கேட்கவில்லை.  வெளியே வந்து நின்றேன். அவரும் வெளியே வந்தார். முழங்கை வரைக்கும் நுரை, வாயைச் சுற்றியும் நுரை. வாயைத் திறந்து மூடினார். கத்தினால் பயந்து விழுந்துவிடுவாளோ என்று துவைத்துக்கொண்டிருந்த கையாலேயே வாயைப் பொத்தியிருக்கிறார்.

ரகசியம் சொல்கிற மாதிரிக் குனிந்து என்னிடம் சொன்னார், "கதவுலேர்ந்து வாளி வரைக்கும் நடந்துட்டா. தானா. எதையும் பிடிக்காம." சோப்புத் தண்ணீர் அவர் தாடையிலிருந்து சொட்டியது. துப்பக்கூட மறந்துவிட்டார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். குழந்தை வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பளார் பளார் என்று அடித்துக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதுவதற்கு ரொம்ப முன்னாலேயே அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பொத்தான் மாறிப் போட்டிருந்தார். ரோட்டில் லாரி ஓடுவதால் கேட் வரைக்கும் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கினதற்கு அவளிடம் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தார். அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கு வாளியை வாங்கி வருவதற்கு நான் தினம் போகிற வழிதான். அன்றைக்கு அவரோடு ஓட வேண்டியிருந்தது. கேட்டில் குழந்தையை விட்டுவிட்டு, அண்ணே, நடந்துட்டா என்று மட்டும் சொல்லி அவர் உள்ளே பாய்ந்துவிட்டார். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நிஜமாகவா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

உள்ளே நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். வெட்டுக்காரர் கூடத்துக்குள் ஓடி வந்தார். ஓடக் கூடாத இடம் அது, தரை வழுக்கும். வழுக்கினார், தூணைப் பிடித்து நின்றார், மறுபடி ஓடினார். பெண்டாட்டி பக்கத்தில் போய் நின்று காதில் கத்தினார். அன்றைக்குப் பார்த்துப் புது பாய்லரின் இரைச்சல் வேறு. அவளுக்குக் கேட்கவில்லை. இடது கம்பியைக் காட்டி, இறுக்கியாச்சு என்று கத்தினாள். அது இல்லை என்று கையாட்டினார். எண்ணெய் விட்டாச்சு என்றாள். அவர் ஒரு கையைப் பிடியில் வைத்தார். இன்னொரு கையின் இரண்டு விரலைப் பாளத்தின் மேல் ஊன்றினார். மெதுவாக, இந்த விரல், அந்த விரல், இந்த விரல் என்று நடக்கவைத்தார். சூடு ஆறாத சோப்பில் குழி குழியாகத் தடம் விழுந்தது.

அவள் அந்தத் தடத்தைப் பார்த்தாள். அது கம்பிக்குக் கீழே போய் வெட்டுப்பட்டு நகர்ந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து காட்டினார்.

"அவ கையை எடுக்கவே இல்லை," என்றாள் அம்மா. "அவரு பிடிச்சுக்கிட்டாரு. ஆனா இவ விரல் பிடியை விடல. அவரு ஒவ்வொரு விரலா எடுத்து விட்டாரு. போ, நான் இருக்கேன், போன்னு சொன்னாரு. அப்பத்தான் நகர்ந்தா."

தடம் விழுந்த கட்டிகள் அம்மாவிடம் வந்து சேர்ந்தன. குழி விழுந்தால் கழிவுத் தொட்டியில் போட வேண்டும். அம்மா சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எல்லாவற்றுக்கும் உறை சுற்றி அனுப்பிவிட்டாள். எந்த வீட்டிலோ யாரோ அந்தச் சோப்பைப் போட்டுக் குளித்திருப்பார்கள்.

சங்கு ஊதும்போது கேட்டில் கூட்டம் கூடிவிட்டது. உள்ளே போக வேண்டியவர்களும் போகவில்லை, வீட்டுக்குப் போக வேண்டியவர்களும் போகவில்லை. எல்லாருடைய கையும் பின்னால். நடுவில் சாக்கின் மேல் மூணாம் ஷிப்ட் உட்கார்ந்திருந்தாள். வெட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இரண்டு எட்டு தள்ளிக் குந்தினாள். மூச்சு வாங்கியது. வா தங்கம் என்றாள்.

குழந்தை அம்மாவைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். சாக்கில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதை இழுக்க ஆரம்பித்தாள்.

வா என்றாள் அவள் மறுபடி. வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். ஒருவர் நாய் மாதிரி குரைத்துக் காட்டினார். தும்மல் என்று பெயர் வாங்கியவர் வேண்டுமென்றே தும்மினார். எல்லாரும் சிரித்தார்கள். குழந்தை நிமிர்ந்து பார்த்துத் தானும் சிரித்தாள். எழுந்திருக்கவில்லை. நூல் நீளமாக வந்துகொண்டே இருந்தது.

உள்ளே இரண்டாம் மணி அடித்தது. கூட்டம் கலையத் தொடங்கியது. வெட்டுக்காரன் கனவு கண்டிருப்பான் என்றார் ஒருவர். பெத்தவனுக்கு எல்லாம் நடக்கிற மாதிரிதான் தெரியும் என்றார் இன்னொருவர். பாவம், ஊசித் தேதி வருகிறதே, அந்தப் பயம் என்று ஒரு பெண் தணிந்த குரலில் சொன்னாள். கேலி செய்தவர்களைவிட அவள்தான் என்னைக் கலக்கிவிட்டாள். நான் பார்க்கவில்லையே. சத்தம் நின்றதைத்தானே கேட்டேன்.

வெட்டுக்காரி எழுந்து நின்றாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. 

"கதவுலேர்ந்து வாளி வரைக்கும் நடந்தா," என்றாள்.

"நீ பாத்தியாம்மா?" என்று கேட்டார் கனவு என்று சொன்னவர்.

"அவரு பாத்தாரு."

"அதான் சொல்றேன், அவன்..."

"அண்ணே, காலையில அவ எவ்வளவு பால் குடிச்சான்னு அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாயங்காலம் எப்ப தூங்குனான்னு நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். பிறந்ததுலேர்ந்து இப்படித்தான். அவரு பாத்தா நான் பாத்த மாதிரி. அவ நடந்துட்டா."

 வாட்ச்மேன் மட்டும், ஆமாம் என்றார், அவரும் பார்த்தவர் மாதிரி. அவள் ரோடு தாண்டுகிற வரைக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். குழந்தை விடாமல் பிடித்திருந்த நூலோடு சாக்கும் வந்தது. வாட்ச்மேன் நூலை அறுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவள் சோதித்துப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். எதிரே உட்கார்ந்து வா வா என்று கூப்பிடுவாள் என்று பலகையோடு ஒட்டிக்கொண்டு காத்திருந்தேன். அப்படி ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையைத் தரையில் விட்டாள். காலையில் அவர் பாதியில் விட்ட துணியை எடுத்துத் துவைத்தாள். பழத்தை மசித்தாள், ஊட்டினாள், வாயைத் துடைத்தாள். காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். மறுபடி தரையில் விட்டாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். தினமும் கேட்கிற அதே சத்தங்கள். பாட்டு கூடப் பாடினாள்.

வெயில் தாழ்ந்து, வரிசை வீடுகளில் அடுப்புப் பற்றவைக்கிற நேரம்.

"ஏய், எங்கடி போற? நில்லு."

எங்கள் வரிசையில் நாள் முழுவதும் யாராவது ஒரு தாய் கத்திக்கொண்டிருக்கிற வார்த்தைதான் அது. யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தக் குரலில் அது வந்ததும் அத்தனை கதவும் திறந்துகொண்டன. அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். கோடிவீட்டம்மா மாவுக் கையோடு வந்தாள்.

மூணாம் ஷிப்ட் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். காலை அகல வைத்து, வயிறு முன்னால் தள்ளி, அப்பாவின் பழைய செருப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. ஆடினாள், நின்றாள், மறுபடி நடந்தாள். வரிசையே இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. கோழி கூட ஒதுங்கியது. ஒருவரும் கையை நீட்டவில்லை.

வெட்டுக்காரி கதவுப் பக்கம் நின்றாள். கையெல்லாம் பாத்திரம் தேய்த்த கரி. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கப் போய் முகமெல்லாம் அப்பிக்கொண்டது. எங்கடி போற, அப்பா செருப்பை எங்க கொண்டு போற, சொன்னா கேக்க மாட்டியா, நில்லு, நில்லுன்னா நில்லு என்று குரல் உடைய உடையக் கத்திக்கொண்டே இருந்தாள். நில் என்றாளே தவிர, நிறுத்துவதற்கு ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.